எம்.டெக்.கில் அதே பாடங்கள்தானா?

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டது சுருக்கமாக இதுதான். பத்தாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். கோயம்புத்தூரில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ். இரண்டு வருடமாக அங்கேயே ஒரு கம்பெனியில் வேலை. எம்.டெக். சேர எழுதும் கேட் தேர்வில் ஓரளவு நல்ல மதிப்பெண். ஆனால் எம்.டெக். பாடத்திட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் அல்காரிதம், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க் என்று ஏற்கனவே படித்ததெல்லாம் 'அட்வான்ஸ்டு' என்று தொப்பி போட்டுக்கொண்டு மறுபடி வந்து நிற்கின்றன. வேலையை விட்டுவிட்டுப் போய் அதையே இன்னொரு தடவை படிக்கணுமா? படிப்பதென்றால் எந்தப் பாடங்களை எடுப்பது?

தம்பி, நானும் வேலந்தாவளத்தில் பஸ் ஏறித் தினமும் கோயம்புத்தூர் போய்ப் படித்தவன்தான். பிறகு எம்.டெக்., பிஎச்.டி., இப்போது பதினைந்து வருடமாக இதே பாடங்களை நடத்துகிறேன். உங்களுக்கு வந்த சந்தேகம் எனக்கும் வந்தது. முதல் மாதத்திலேயே தீர்ந்துவிட்டது, கொஞ்சம் மானக்கேட்டோடு.

அல்காரிதம் பாடத்தில் முதல் குவிஸ். பி.இ.யில் அந்தப் பாடத்தில் வகுப்பிலேயே முதல் ஆள் நான். இங்கே இருபதுக்கு நான்கு. விடைத்தாளைப் புரட்டினால் எழுதிய வழிமுறை சரி, அதன் வேகமும் சரி. 'இது எப்போதும் சரியான விடை தரும் என்று நிறுவுக' என்ற இடத்தில் நான் 'இது தெளிவு' என்று எழுதி ஒரு உதாரணமும் போட்டிருந்தேன். பேராசிரியர் அந்தத் 'தெளிவு' என்ற வார்த்தையைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தார்: 'யாருக்கு?'

பி.இ.யில் ஒரு வழிமுறை எப்படி வேலை செய்கிறது என்று கேட்பார்கள். எம்.டெக்.கில் அது ஏன் தப்பாகவே முடியாது, எந்த இடத்தில் உடையும், இதைவிட நன்றாகச் செய்ய யாராலாவது முடியுமா என்று கேட்பார்கள். பாடத்தின் பெயர் மாறாததற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மேற்படிப்பாகத்தான் முதலில் வந்தது. 1963இல் ஐபிஎம் 1620 வந்து இறங்கிய கான்பூர் ஐஐடியில், 1965இல் அதற்கான எம்.டெக். படிப்பை ஏற்படுத்தியவர்களில் ஒருவர் ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன். இளநிலைப் பாடங்கள் பிற்பாடு வந்தவை. ஆராய்ச்சியில் இருந்ததைச் சுருக்கி, நிரூபணங்களைக் கழித்துவிட்டு, கீழே இறக்கிக்கொண்டவை. நீங்கள் பி.இ.யில் பார்த்தது அந்த மீதியை. கழித்துவிட்டது இங்கேதான் கிடைக்கும்.

சும்மா சொன்னால் நம்பமாட்டீர்கள், நம்ம ஊரை வைத்தே ஒரு கணக்குப் போடுவோம்.

வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று செக்போஸ்ட் நமக்குப் புதிதில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை வாளையாரில் வரிக்காக லாரிகள் மைல்கணக்கில் நின்றதைச் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். மெயின் ரோட்டை விட்டால் தென்னந்தோப்புக்குள் நுழைந்து வெளியேறும் ஊடுவழிகள் எத்தனை! இப்போது உங்களிடம் முழு வரைபடத்தையும் கொடுத்து ஒரு வேலை சொல்கிறார்கள்: முச்சந்திகளில் ஆள் போடுங்கள், எந்த வழியை எடுத்தாலும் அதன் இரண்டு முனைகளில் ஒன்றிலாவது ஒரு ஆள் நிற்கவேண்டும், ஆள் எண்ணிக்கை முடிந்தவரை குறைவாக இருக்கவேண்டும்.

இந்தக் கணக்குக்குப் பெயர் வெர்டெக்ஸ் கவர். 1972இல் ரிச்சர்டு கார்ப் பட்டியலிட்ட 21 கடினமான கணக்குகளில் ஒன்று. மிகச்சரியான விடையை வேகமாகக் கண்டுபிடிக்கும் வழி இதுவரை யாரிடமும் இல்லை. பி.இ. பாடம் 'இது என்.பி. கம்ப்ளீட்' என்று சொல்லி நமஸ்காரம் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். எம்.டெக். பாடம் அங்கேதான் ஆரம்பிக்கும். மிகச்சரியானது கிடைக்காது, சரி. எவ்வளவு மோசமாகப் போகாமல் தடுக்கலாம்?

உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? அதிக வழிகள் கூடும் முச்சந்தியில் முதல் ஆள், மீதி இருப்பதில் அதிகம் கூடும் இடத்தில் அடுத்த ஆள் என்பீர்கள். யாரும் அப்படித்தான் சொல்வார்கள். நான் வேறொரு கிறுக்குத்தனமான முறை சொல்கிறேன். காவல் இல்லாத ஏதாவது ஒரு வழியைக் கண்ணை மூடிக்கொண்டு தொடுங்கள். அதன் இரண்டு முனையிலும் ஆள் போடுங்கள். மீதியில் இன்னொரு வழியைத் தொடுங்கள், இரண்டு முனையிலும் ஆள். வழி தீரும்வரை இப்படியே. ஒரு ஆள் போதுமான இடத்தில் இரண்டு ஆள் போடும் வீண்செலவு மாதிரித் தெரிகிறதா?

இப்போது நிரூபணம். நாம் தொட்ட வழிகள் எதுவும் ஒன்றோடொன்று முனையைப் பகிர்ந்துகொள்ளாது. பகிர்ந்திருந்தால் அதற்கு ஏற்கனவே காவல் வந்திருக்கும், நாம் தொட்டிருக்கமாட்டோம். அப்படித் தொட்டது ஐம்பது வழி என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகத்திலேயே கெட்டிக்காரன் போட்ட திட்டமாக இருந்தாலும் அந்த ஐம்பது வழிக்கும் தனித்தனியாக ஒவ்வொரு ஆளாவது போட்டே தீரவேண்டும். ஆக அவனுக்கு ஐம்பதுக்குக் குறையாது. நாம் போட்டது நூறு. எந்த ஊர் வரைபடத்தைக் கொண்டுவந்தாலும் மிகச்சரியான விடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நாம் போகவே மாட்டோம்.

இதில் நடந்ததைக் கவனித்தீர்களா? சரியான விடை என்னவென்று நமக்குத் தெரியாது, தெரியவும் போவதில்லை. தெரியாத அதோடு நம் விடையை ஒப்பிட்டு உத்தரவாதம் கொடுத்துவிட்டோம். அப்ராக்சிமேஷன் அல்காரிதம் என்ற பாடம் முழுக்க இந்த ஒரு சாமர்த்தியத்தின் விரிவுதான். எல்லோருக்கும் முதலில் தோன்றுகிற அந்த 'அதிக வழி கூடும் இடம் முதலில்' முறைக்கு இந்த உத்தரவாதம் கிடையாது. வழிகளை ஒரு தினுசாகப் பின்னி வைத்தால், முச்சந்திகள் பெருகப் பெருக அது சரியான விடையிலிருந்து இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று விலகிக்கொண்டே போகும். மெதுவாகத்தான் விலகும், ஆனால் நிற்காது. அந்த வரைபடத்தை நீங்களே வரைந்து காட்டுங்கள் என்பது என் வகுப்பில் இரண்டாவது வாரத்து வீட்டுப்பாடம்.

அப்புறம், இரண்டைவிடக் குறைக்க முடியாதா? 2002இல் சுபாஷ் கோட் ஓர் ஊகத்தை முன்வைத்தார். அது உண்மையென்றால் இரண்டு என்ற இந்த எண்ணை ஒன்றே முக்கால், ஒன்று புள்ளி ஒன்பது என்று நிலையாகக் குறைக்கும் வேகமான முறை எதுவும் கிடையாது என்று பிறகு அவரும் ஓடெட் ரெகெவும் நிறுவினார்கள். கண்ணை மூடிக்கொண்டு தொட்ட அந்தக் கிறுக்கு முறைதான் கடைசி எல்லையாக இருக்கலாம் என்று அர்த்தம்! நான் இதைப் படித்த அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. உங்களுக்கும் அப்படி ஏதாவது ஆகிறதென்றால் எம்.டெக். உங்களுக்கு வீண் இல்லை.

அல்காரிதம் பக்கம் இவ்வளவு நேரம் நின்றுவிட்டேன். சிஸ்டம்ஸ் பக்கம் கதை வேறு. அங்கே நிரூபணத்தைவிடக் கையில் அழுக்குப் படுவது முக்கியம். ஆனாலும் பல கம்ப்யூட்டர்கள் செய்தி அனுப்பிக்கொண்டு சேர்ந்து வேலை செய்வதைப் பற்றிய டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் என்ற பாடம் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்தது. ஒரே ஒரு விருப்பப்பாடம்தான் எடுக்கமுடியும் என்றால் நான் கைகாட்டுவது இதைத்தான்.

ஆழியாறு தண்ணீர் நமக்குத் தெரிந்த விஷயம். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் அளந்து கேரளத்துக்கு வருடத்துக்கு 7.25 டிஎம்சி விடவேண்டும். அது சித்தூர்ப்புழையில் வந்து மூலத்தறையில் நம்ம வாய்க்கால்களுக்குப் பிரிகிறது. ஒரு கற்பனை செய்யுங்கள். மேலே ஒரு என்ஜினியர், கீழே ஒரு என்ஜினியர். இருவரும் ஒரே நேரத்தில் ஷட்டரைத் தூக்கவேண்டும். ஒருவர் மட்டும் தூக்கினால் கரை உடையும். பேசிக்கொள்ள இருப்பது மழைக்காலத்தில் அடிக்கடி செத்துப்போகும் ஒரு லைன். மேலே இருப்பவர் 'காலை ஆறு மணி' என்று சொல்லி அனுப்புகிறார். அது போய்ச் சேர்ந்ததா என்று அவருக்குத் தெரியாது. கீழே இருப்பவர் 'கிடைத்தது' என்று பதில் போடுகிறார். அது போய்ச் சேர்ந்ததா என்று இவருக்குத் தெரியாது. 'நீங்கள் கிடைத்தது என்று சொன்னது கிடைத்தது' என்று இன்னொன்று. இது எத்தனை சுற்றுப் போனால் இருவரும் நிம்மதியாக ஷட்டரைத் தூக்கலாம்?

எத்தனை சுற்றுப் போனாலும் முடியாது. நூறு செய்தியில் முடிகிற ஒரு திட்டம் இருக்கிறதென்று வையுங்கள். நூறாவது செய்தி தொலைந்துபோகவும் வாய்ப்பு உண்டு, அப்போதும் அந்தத் திட்டம் பலிக்கவேண்டும். அப்படியென்றால் நூறாவது செய்தியே தேவையில்லை. அப்போது தொண்ணூற்றொன்பது போதும். அதே நியாயப்படி தொண்ணூற்றெட்டு. இறங்கிக்கொண்டே வந்தால் ஒரு செய்தியும் அனுப்பாமலே இருவரும் சேர்ந்து தூக்கலாம் என்றாகிவிடும், அது அபத்தம்.

1985இல் ஃபிஷர், லின்ச், பேட்டர்சன் மூவரும் இதைவிடக் கசப்பான ஒன்றை நிறுவினார்கள். செய்தி எதுவும் தொலையாது, எவ்வளவு தாமதமாகும் என்பது மட்டும் தெரியாது. கூட்டத்தில் ஒரே ஒரு இயந்திரம் செத்துப்போக வாய்ப்பு உண்டு. இவ்வளவு இருந்தாலே, எல்லா இயந்திரங்களும் ஒரு முடிவுக்கு நிச்சயமாக வந்து சேரும் என்று குலுக்கலை நம்பாத எந்த நிர்ணயமான வழிமுறையாலும் உறுதி தரமுடியாது. அப்படியென்றால் நீங்கள் கடையில் யுபிஐயில் பணம் அனுப்புவது எப்படி நடக்கிறது? பாடத்தின் பாதி இந்தக் கேள்விதான். பாக்ஸோஸ், ராஃப்ட் போன்ற முறைகள் தப்பான முடிவு ஒருநாளும் வராமல் பார்த்துக்கொள்கின்றன. முடிவே வராமல் இழுத்தடிக்கும் ஆபத்தை மட்டும் ஏற்றுக்கொள்கின்றன, நெட்வொர்க் ஒழுங்காக இருக்கும் நேரத்தில் முடித்துவிடலாம் என்று. எதை விட்டுக்கொடுத்து எதைக் காப்பாற்றுவது என்ற அந்தத் தேர்வைக் கம்பெனியில் உங்கள் சீனியர் 'அப்படித்தான் கான்ஃபிக் பண்ணியிருக்கு' என்று ஒரு வரியில் முடித்திருப்பார்.

2014இல் வெளிவந்த ராஃப்ட், புரிந்துகொள்ள எளிதாக இருக்கவேண்டும் என்றே வடிவமைத்தது. எம்ஐடியின் டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் பாடத்தின் ஆய்வகப் பயிற்சிகள் இணையத்தில் எல்லோருக்கும் திறந்து கிடக்கின்றன. கோ என்ற நிரல் மொழியில் நீங்களே ராஃப்டை எழுதவேண்டும், சோதனை நிரல் அவர்களே தருகிறார்கள். ஒருமுறை ஓட்டினால் எல்லாம் பச்சை. நூறு முறை ஓட்டினால் தொண்ணூற்று மூன்றாவது தடவை உடையும். ஏன் உடைந்தது என்று லாக்கைப் படித்துப் படித்து இரண்டு வாரம் போகும். என் மாணவி ஒருத்தி, 'சார், இது பேய் பிடித்த மாதிரி இருக்கு, நான் பார்க்கும்போது வர்றதில்லை' என்றாள். அந்தப் பேயைப் பிடித்த பிறகு அவளுடைய நடையே வேறு.

ஆபரேட்டிங் சிஸ்டமும் இதே மாதிரிதான். வகுப்பில் ஸ்லைடு காட்டி 'பேஜ் டேபிள், செமஃபோர்' என்று ஓட்டினால் அது பி.இ. பாடம், மேலே என்ன பெயர் ஒட்டியிருந்தாலும் சரி. எக்ஸ்வி6 மாதிரி, பாடம் நடத்துவதற்கென்றே எழுதிய சின்னக் கெர்னலை, அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உள்மையத்தைத் திறந்து, உள்ளே கைவிட்டு மாற்றச் சொன்னால் மேற்படிப்பு. டேட்டாபேஸில் எஸ்கியூஎல் எழுதவைத்தால் பழையது. நீங்கள் எழுதிய எஸ்கியூஎல்லை இயந்திரம் எந்த வரிசையில் ஓட்டுவது என்று தீர்மானிக்கும் ஆப்டிமைசரை எழுதவைத்தால் புதியது. கார்னகி மெல்லனின் டேட்டாபேஸ் விரிவுரைகள் யூடியூபில் இருக்கின்றன. சேருவதற்கு முன் நான்கைப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

இதிலிருந்தே பாடம் தேர்ந்தெடுக்கும் வழியும் கிடைக்கிறது. பெயரைப் பார்க்காதீர்கள், யூனிட் ஒன்று யூனிட் இரண்டு என்று அச்சிட்ட பாடத்திட்டத்தையும் பார்க்காதீர்கள். அது எல்லா ஊரிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். போன வருடத்து வீட்டுப்பாடத் தாள்களைச் சீனியரிடம் கேட்டு வாங்குங்கள். 'விளக்குக', 'வேறுபடுத்துக' என்று இருந்தால் நகர்ந்துவிடுங்கள். 'நிறுவுக', 'எதிர் உதாரணம் தருக', 'கட்டி அளந்து காட்டுக' என்று இருந்தால் பேராசிரியர் கண்டிப்பானவர் என்று பேர் வாங்கியிருந்தாலும் உட்காருங்கள்.

கேட்டில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்கூட முதல் செமஸ்டரில் ஏன் தடுமாறுகிறார்கள் என்றும் சொல்லவேண்டும். கேட் நூறு மதிப்பெண்ணில் 72 துறைப்பாடம், 13 கணிதம், 15 பொதுத்திறன். எல்லாமே விடையைத் தேர்ந்தெடுப்பது அல்லது ஓர் எண்ணை நிரப்புவது. ஒரு வரி நிரூபணம்கூட எழுதவேண்டாம். மூன்று மணிநேரத்தில் 65 கேள்வி என்ற ஓட்டத்தில் பழகிய கைக்கு, ஒரே கேள்வியோடு மூன்று நாள் உட்கார்ந்திருப்பது சித்திரவதையாக இருக்கும். அதற்கு மருந்து பழக்கம்தான்.

கணிதத்தில் உங்களுக்கு முதலில் தேவைப்படுவது நிகழ்தகவு. கால்குலஸ் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு உதாரணம் மட்டும். நூறு ஊர்களை இணைக்கும் ரோடுகள் இருக்கின்றன. குறைந்தபட்சம் எத்தனை ரோடு அறுந்தால் வரைபடம் இரண்டு துண்டாகும்? 1993இல் டேவிட் கார்கர் சொன்ன முறை குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும். ஏதாவது ஒரு ரோட்டைக் குலுக்கல் முறையில் எடுத்து, அதன் இரண்டு ஊர்களையும் ஒரே ஊராகச் சேர்த்துவிடுங்கள். இரண்டே ஊர் மிஞ்சும்வரை இப்படியே செய்து, மிஞ்சிய இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ரோடுகளை எண்ணுங்கள். இது ஒரு தடவையில் சரியான விடை தர 4,950இல் ஒரு வாய்ப்பாவது உண்டு என்று நிறுவலாம். 'இவ்வளவுதானா' என்று தூக்கிப்போடக் கூடாது. 24,750 தடவை திரும்பத் திரும்ப ஓட்டி, வந்ததில் சிறிய விடையை வைத்துக்கொண்டால் தப்பாகும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். கம்ப்யூட்டருக்கு அது ஒரு வேலையா? குலுக்கலை நம்பி உத்தரவாதம் கொடுக்கும் இந்த மனநிலை பழகாவிட்டால் ராண்டமைஸ்டு அல்காரிதமும் விளங்காது, கிரிப்டோகிராஃபியும் விளங்காது, மெஷின் லேர்னிங்கின் அடிப்படையும் விளங்காது.

மெஷின் லேர்னிங் என்றதும் நினைவு வருகிறது. இப்போது வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் எல்லா விருப்பப்பாடத்தையும் அதிலேயே நிரப்பப் பார்க்கிறார்கள்: மெஷின் லேர்னிங், டீப் லேர்னிங், கம்ப்யூட்டர் விஷன், என்எல்பி, ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். என் கருத்து பலருக்குப் பிடிக்காது: இரண்டு போதும். ஒன்று அடிப்படை, பார்க்காத கேள்விக்கும் மாடல் சரியாகப் பதில் சொல்லும் என்று எப்போது நம்பலாம், பழைய வினாத்தாளை மனப்பாடம் செய்த பையன் போல எப்போது ஏமாற்றும் என்பதைக் கணிதமாகச் சொல்லித்தரும் பாடம். இன்னொன்று செய்முறை. மீதிக் கருவிகள் நீங்கள் படித்து முடிக்கும் முன்பே பழசாகிவிடும். 2017இல் டிரான்ஸ்ஃபார்மர் என்ற புது வகை மாடல் வந்த பிறகு, அதற்கு முந்தைய வருடம் பாடமாக நடத்தியதில் பாதியை நானே குப்பையில் போட்டேன். லீனியர் ஆல்ஜீப்ராவில் ஒரு வரியையும் தள்ளவேண்டி வரவில்லை.

ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன், வெளியே போய்த் தேடவேண்டாம். ஒரே வாக்கியத்தில் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிக்கும் நம்ம ஊர்ப் பேச்சைப் பதிவு செய்து, பேச்சை எழுத்தாக்கும் எந்த மென்பொருளிடமாவது கொடுத்துப் பாருங்கள். திணறும். பேச்சறிதல் என்ற துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான ராஜ் ரெட்டி சித்தூர்க்காரர். நம்ம சித்தூர் இல்லை, ஆந்திராச் சித்தூர் மாவட்டத்தில் காட்டூர் என்ற கிராமம். இன்னொரு எல்லைச் சீமை. கிண்டி பொறியியல் கல்லூரியில் அவர் படித்தது சிவில். 1966இல் ஸ்டான்ஃபோர்டில் கம்ப்யூட்டர் சயின்ஸில் பிஎச்.டி., 1994இல் டூரிங் விருது. இளநிலையில் என்ன படித்தீர்கள் என்பதைப் பற்றி இவ்வளவு கவலை வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

தமிழ் மீடியம் பற்றிய பயம் உங்கள் கேள்வியில் ஓரமாகத் தெரிந்தது. நான் முதல் வருடம் முழுக்க நிரூபணங்களை ரஃப் நோட்டில் தமிழில்தான் எழுதினேன். 'இல்லை என்று வைத்துக்கொள்வோம், அப்படியானால் இது நடக்கவேண்டும், இது நடக்காது, ஆகவே' என்று தமிழில் ஓட்டம் பிடிபட்ட பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றினேன். நிரூபணத்தின் ஆங்கிலம் முப்பது நாற்பது சொல்லுக்குள் அடங்கிவிடும், ஒரே செமஸ்டரில் வந்துவிடும். ஆய்வுக்கட்டுரை படிப்பதும் பழக்கம்தான். முதல் கட்டுரையாக எதைப் படிப்பது என்று கேட்டால், ஓர் எண் பகா எண்ணா என்று குலுக்கலை நம்பாமல், நிரூபிக்காத ஊகம் எதையும் சாராமல் வேகமாகக் கண்டுபிடிக்கும் வழியை 2002இல் கான்பூரில் மணீந்திர அகர்வாலும், பி.டெக். முடித்த சூட்டோடு இருந்த நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் கண்டுபிடித்தார்களே, அதைச் சொல்வேன். இதழில் அச்சானது 13 பக்கம். பக்கத்துக்கு மூன்று நாள் வைத்துக்கொண்டால் நாற்பது நாளில் நீங்களே முழுசாகப் புரிந்துகொள்ளலாம். உலகம் நூற்றாண்டுகளாகத் தேடியது அது.

எங்கே சேருவது என்பதைச் சீக்கிரமாகச் சொல்லி முடிக்கிறேன். 2015இல் நம்ம கோழிப்பாறையில் வாடகை வளாகத்தில் தொடங்கிய பாலக்காடு ஐஐடி இப்போது கஞ்சிக்கோட்டில் சொந்த இடத்தில் இருக்கிறது; வீட்டிலிருந்து பைக்கில் போய்விடலாம், ஆனாலும் ஹாஸ்டலில் இருங்கள், பாதிப் படிப்பு ராத்திரி மெஸ் மேஜையில்தான் நடக்கும். கோழிக்கோடு என்ஐடி இருக்கிறது. ஐஐடிகளின் எம்.டெக். இடத்துக்கு சிஓஏபி என்ற இணையதளம், என்ஐடிகளுக்குச் சிசிஎம்டி என்ற கலந்தாய்வு என்று தனித்தனி வழிகள், இரண்டிலும் பதிவு செய்யவேண்டும். நிரூபணம் பக்கம் மனசு சாய்ந்தால் சிறுசேரியில் சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட்டில் எம்.எஸ்சி. இருக்கிறது, அதற்குக் கேட் வேண்டாம், அவர்களே நுழைவுத்தேர்வு நடத்துகிறார்கள். சென்னை ஐஐடியில் எம்.எஸ். என்று ஆராய்ச்சியை மையமாக வைத்த படிப்பும் உண்டு. பாடம் குறைவு, ஆய்வு அதிகம், வழிகாட்டியின் குணத்தைப் பொறுத்து இரண்டு வருடத்துக்கு மேலும் இழுக்கும். எம்.டெக்.கில் பொதுவாக முதல் வருடம் பாடம், இரண்டாம் வருடம் ப்ராஜெக்ட்.

வீட்டில் பணம் பற்றிக் கேட்பார்கள். கேட் வழியாக எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை, அதற்கு வாரம் எட்டு மணிநேரம் துறைக்கு வேலை செய்யவேண்டும். பிஎச்.டி.க்கு இப்போது முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, பிறகு 42,000. நீங்கள் வாங்கும் சம்பளத்தோடு ஒப்பிட்டால் எம்.டெக். தொகை வீட்டுக்கு அனுப்பக் காணாது. சம்பள உயர்வு மட்டும்தான் குறி என்றால் ஒளிக்காமல் சொல்கிறேன், எம்.டெக்.குக்குப் போகும் அந்த இரண்டு வருடம் வேலையிலேயே இருந்தால் கிடைக்கும் அனுபவமும் அதே இடத்துக்குக் கொண்டுபோகக்கூடும். கட்டுகிற ஆளாக மாறவேண்டும், இல்லை ஆராய்ச்சி வேண்டும், இல்லை என்னைப் போலச் சாக்பீஸ் வேண்டும் என்றால் கிளம்புங்கள். கேட் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். இந்த வருடமே முடிவெடுக்கவேண்டும் என்று யாராவது நெருக்கினால் அதைச் சொல்லுங்கள்.

சேருவதாக முடிவு செய்தால் முதல் செமஸ்டரில் அல்காரிதம் எடுங்கள், கணித அடிப்படை எடுங்கள், கையில் அழுக்குப் படும் சிஸ்டம்ஸ் ஒன்று எடுங்கள். நான்காவதை லேசாக வையுங்கள், மூச்சு விட இடம் வேண்டும். மெஷின் லேர்னிங்கை இரண்டாவது செமஸ்டருக்குத் தள்ளுங்கள், அதற்குள் நிகழ்தகவு பழகியிருக்கும்.

அதுவரை சனி ஞாயிறுக்கு அந்த முச்சந்திக் கணக்கு. அதிக வழி கூடும் இடத்தில் முதலில் ஆள் போடும் முறை, சரியான விடையைவிட இரண்டு மடங்குக்கு மேல் போடும்படி ஒரு வரைபடம் வரையுங்கள். ஒரு குறிப்பு: முச்சந்திகளை இரண்டு வரிசையாக நிறுத்துங்கள், மேல் வரிசையே சரியான விடையாக இருக்கட்டும், கீழ் வரிசையில் இருப்பவை ஒவ்வொரு சுற்றிலும் மேலே இருப்பவற்றைவிட ஒரு வழியாவது கூடுதலாக வைத்திருக்கும்படியோ, குறைந்தது சமமாக இருக்கும்படியோ அடுக்குங்கள். முதலில் ஆறு முச்சந்தியை மேலே வைத்துத் தொடங்கிப் பாருங்கள். ஆறில் இரண்டு மடங்கு தாண்டவில்லை என்றால் மேல் வரிசையை இருபத்துநான்காக்குங்கள்.